காலனியிலிருந்து காக்கிக்கு

2025 ஆகஸ்டில் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு அறிவிப்பு வெளியிட்டது. திருவண்ணாமலையில் நான் பாடம் நடத்தும் கல்லூரியின் மாணவி ஒருத்தி, விண்ணப்பத்தைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வந்தாள். கைபேசித் திரையில் பாதி நிரப்பிய படிவம். முகவரியில் ஊர்ப் பெயருக்கு முன்னால் 'புதுக் காலனி' என்று இருந்தது. "இத போடணுமா மேடம்? காலனின்ற பேரையே எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்களே?" என்று கேட்டாள்.

அவள் கேள்விப்பட்டது சரிதான். அந்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்திருந்தார். ஆனால் அவளுடைய ஆதார் அட்டையிலும் குடும்ப அட்டையிலும் அந்தச் சொல் அப்படியேதான் இருந்தது. ஆவணங்களோடு பொருந்தாமல் போனால் விண்ணப்பமே தள்ளுபடியாகிவிடுமோ என்ற பயத்தில் இருவரும் அதைத் தொடாமல் விட்டோம். காவலர் ஆவதற்கு அவள் போட்ட விண்ணப்பம் காலனியிலிருந்தே போனது.

நான் இலக்கியம் நடத்துகிறவள். நாவலையும் கவிதையையும் எப்படி வாசிப்பது என்று சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் என் மாணவிகள் வரிக்கு வரி, அடிக்கோடு போட்டு வாசிப்பது பாடநூலை அல்ல, தேர்வு அறிவிப்பைத்தான். காவல்துறையில் பெண் என்ற பொருளில் நம்மிடம் திரைப்படங்கள் இருக்கின்றன, தீர்ப்புகள் இருக்கின்றன, அரசின் அறிவிப்புகள் இருக்கின்றன. விண்ணப்பம் போடும் ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இவற்றை வாசித்தால் என்ன தெரிகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

*

முதலில் அறிவிப்பு. இரண்டாம் நிலைக் காவலராக ஒரு பெண் குறைந்தது 159 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு 157. ஆண்களுக்கு இதே அளவு 170, 167. ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும்.

இந்த எண்களை நாம் வெறும் விதிகளாகக் கடந்துபோகிறோம். அந்த இரண்டு சென்டிமீட்டரைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அதைச் 'சலுகை' என்கிறோம். எனக்கு அது ஒரு வாக்குமூலமாகத் தெரிகிறது. தலைமுறை தலைமுறையாகச் சிலருக்குச் சோறும் ஓய்வும் குறைவாகவே கிடைத்தன, அதன் தடம் உடம்பில் இருக்கிறது என்று அரசே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்ளும் இடம் அது. 'எஸ்சி கோட்டா' என்று மைதானத்தில் காதுபடச் சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

வயது வரம்பில் இன்னொரு சொல் இருக்கிறது: 'ஆதரவற்ற விதவை'. பொதுப்பிரிவுக்கு 26 வயது என்றால் இவர்களுக்கு 37 வரை தளர்வு உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தத் தளர்வைப் பெறுவதற்கு ஒரு பெண் வருவாய்த் துறையிடம் போய், தனக்கு ஆதரவே இல்லை என்று சான்று வாங்கி வர வேண்டும். லத்தி பிடித்து ஊரைக் காக்கப் போகிறவள், 'நான் நாதியற்றவள்' என்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். அவளுடைய தகுதியை அளப்பதற்கு முன்பே அவளுடைய குறையை அளக்கிற மொழி இது.

இந்தப் படிவத்தின் மொழியோடு நேருக்கு நேர் மோதியவர் பிரித்திகா யாஷினி. உதவி ஆய்வாளர் பணிக்கு அவர் விண்ணப்பித்தபோது படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்தன. திருநங்கையரின் பாலின அடையாளத்தை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலிலேயே அங்கீகரித்திருந்தது. படிவத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. எழுத்துத் தேர்வு எழுதுவதற்கும் அடுத்தடுத்த கட்டங்களைக் கடப்பதற்கும் அவர் மீண்டும் மீண்டும் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு நொடிக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டார் என்பதும் ஒரு தடையாக நின்றது. 2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோரின் அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த தேர்விலிருந்து மூன்றாம் பாலினத்தவருக்கும் இடமளிக்கச் சொன்னது. 2017இல் அவர் பணியில் சேர்ந்தார். ஒரு திருநங்கை உதவி ஆய்வாளராவது இந்தியாவில் அதுவே முதல் முறை.

இந்தத் தீர்ப்பை வெற்றிக்கதையாக மட்டும் சொல்லிச் சொல்லி நாம் அதன் கூர்மையை மழுங்கடித்துவிட்டோம். மற்றவர்கள் ஒரு பேருந்து பிடித்துப் போய் எழுதும் தேர்வை எழுத, ஒருவர் வழக்கறிஞரைப் பிடித்துப் போக வேண்டியிருந்தது. அப்படியானால் அந்தத் தேர்வு அளந்தது யாருடைய ஓட்டத்தை? படிவத்தில் கட்டம் இல்லாதவர் அதற்கு வெளியே எவ்வளவு தூரம் ஓடினார் என்பதை எந்த ஸ்டாப்வாட்சும் கணக்கில் எடுப்பதில்லை.

*

காலனி என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. இந்தக் காவல்துறையே ஒரு காலனியில் பிறந்ததுதான். வரி வசூலிக்க விவசாயிகளைச் சித்திரவதை செய்த விவகாரம் லண்டன் வரை நாறியபோது, அதை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையம் 1855இல் தன் அறிக்கையைத் தந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில், 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தின் மூலம், மதராஸ் மாகாணத்துக்கான புதிய போலீஸ் உருவானது. சித்திரவதையை ஒழிப்பதற்காகக் கொண்டுவந்த சீர்திருத்தம் என்று சொல்லப்பட்டது. ஆனால் அது மக்களுக்குப் பதில் சொல்லும் அமைப்பாக இல்லை. மேலே இருக்கும் அதிகாரிக்குப் பதில் சொல்லும் அமைப்பாகவே இருந்தது.

'டாணாக்காரன்' (2022) படத்தின் பலம், காவலர் பயிற்சிப் பள்ளியின் வதைகளை இந்தக் காலனிய மரபோடு சேர்த்துப் பார்த்ததுதான். கவாத்து மைதானத்தில் ஒருவனை உடைத்து, கீழ்ப்படிய வைத்து, பிறகு அவன் கையில் லத்தியைக் கொடுக்கிறார்கள் என்று அந்தப் படம் காட்டுகிறது. ஆனால் உடைபடுவது ஆண் உடல் மட்டுமே. அப்பாவின் கனவுக்காக மகன் காவலராகிறான் என்பது நமக்குப் பழகிய கதை. அம்மாவின் பயத்தை மீறி ஒரு மகள் காவலராகப் போகிறாள் என்றால் அந்தக் கதை எப்படி நடக்கும்? அதை இன்னும் யாரும் படமாக எடுக்கவில்லையே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

பெண் காவலரை நம் திரை எப்படிக் கண்டது? என் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது விஜயசாந்தி. 1990இல் தெலுங்கில் வந்த 'கர்தவ்யம்' தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' ஆகி இங்கே சக்கைப்போடு போட்டது. நாங்கள் பள்ளியில் அவரைப் போல விறைப்பாக நடந்து பார்த்திருக்கிறோம். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் அது ஐ.பி.எஸ். அதிகாரியின் கதை. சூலத்தின் இடத்தில் துப்பாக்கியை வைத்த அம்மன். அம்மனுக்குக் கால் வலிக்காது, மாதவிடாய் வராது, கைக்குழந்தை அழாது. காவலர் பணிக்கு விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு அந்தப் படத்தில் இடமில்லை. அவள் அதிகபட்சம் பின்னணியில் சல்யூட் அடித்துக்கொண்டிருப்பாள்.

2019இல் சுரேஷ் காமாட்சியின் இயக்கத்தில் வந்த 'மிக மிக அவசரம்' அந்தப் பின்னணியில் நின்றவளை முன்னால் கொண்டுவந்தது. பாலத்தின் மேல் பந்தோபஸ்துக்கு நிறுத்தப்பட்ட ஒரு பெண் காவலருக்குச் சிறுநீர் கழிக்கப் போக வேண்டும்; விடவில்லை. கதை அவ்வளவுதான். தமிழ்த் திரையில் ஒரு பெண்ணின் சிறுநீர்ப்பை கதையின் மையமானது சாதாரண விஷயம் அல்ல. ஸ்ரீபிரியங்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பார்க்கிறவளுக்கும் அடிவயிறு கனக்கும்.

ஆனாலும் எனக்கு ஒரு முக்கியமான மனத்தாங்கல் உண்டு. அவள் அங்கே அப்படி நிற்பதற்குக் காரணம், அவள் இணங்காததால் வஞ்சம் வைத்திருக்கும் ஒரு மேலதிகாரி என்று படம் சொல்கிறது. ஆபாசமான மேலதிகாரிகள் உண்மையிலேயே இருக்கிறார்கள். ஆனால் அவன் யோக்கியனாக இருந்திருந்தால் மட்டும் அந்தப் பாலத்தின் பக்கத்தில் கழிப்பறை முளைத்திருக்குமா? பந்தோபஸ்து திட்டத்தைப் போட்டவர் மனதில் இருந்தது சுவர் ஓரம் ஒதுங்கிக்கொள்ளக்கூடிய ஓர் உடல். வஞ்சம் கொண்டவனைத் தண்டித்துவிடலாம். யாருடைய உடலை அளவாக வைத்து வேலை தைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வி அதோடு தீராது. வில்லன் கிடைத்துவிட்டால் நாம் அமைப்பைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். பெண்ணிய விமர்சனம் இந்த இடத்தில்தான் விழித்திருக்க வேண்டும்.

2021இல் வந்த 'ரைட்டர்' படத்தில், சாதியின் காரணமாகக் குதிரை ஏறவிடாமல் ஒதுக்கப்படும் ஒரு பெண் காவலர் வருகிறார். காலனியிலிருந்து காக்கிக்கு வந்தவளின் கதைக்கு நம் திரை மிக அருகில் வந்தது இங்கேதான் என்று சொல்வேன். காக்கி ஒரே நிறம், ஆனால் அதற்குள்ளே ஊரும் காலனியும் தனித்தனியாகவே இருக்கின்றன என்று அந்தப் பகுதி சொல்கிறது. ஆனால் படத்தின் மையம் ஓய்வுபெறப் போகும் ஓர் ஆண் எழுத்தர். அவள் கதை அதில் ஒரு கிளை.

*

பாலத்தில் நின்றவள் திருவண்ணாமலைக்காரர்களுக்குப் புதியவள் அல்ல. கார்த்திகை தீபத்துக்கு இங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் வருகிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கப் பெண் காவலர்கள் நிற்பார்கள். பல மாவட்டங்களிலிருந்து வண்டியேற்றி அழைத்து வரப்பட்டு, பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்கவைக்கப்பட்டவர்கள். பெண் பக்தர்களை ஒழுங்குபடுத்தப் பெண் காவலர்கள்தான் வேண்டும். ஒரு தீபத்தன்று எங்கள் தெருவின் முனையில் நின்ற பெண் காவலர் ஒருவர், "அக்கா, கொஞ்சம் பாத்ரூம் போயிட்டு வரலாமா?" என்று கேட்டு வீட்டுக்குள் வந்தார். போகும்போது தண்ணீர் கொடுத்தேன். வேண்டாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. குடித்தால் திரும்பவும் எங்கே போவது என்ற கணக்கு எல்லாப் பெண்களுக்கும் தெரிந்ததுதானே.

தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் 1973இல் சேர்ந்தார்கள்: ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள். ஐம்பது ஆண்டு நிறைவையொட்டி 2023 மார்ச்சில் அரசு சில அறிவிப்புகளைச் செய்தது. காலை ஏழு மணி ரோல்கால் எட்டு மணிக்கு மாற்றப்படும், காவல் நிலையங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, குழந்தைகள் காப்பகம், தங்கும் விடுதி. வரவேற்க வேண்டியவை. ஆனால் ஒரு மணி நேரத்தையும் ஒரு கழிப்பறையையும் பெறுவதற்கு அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது என்பதையும் அதே அறிவிப்பு நமக்குச் சொல்கிறது.

2021 ஜூனில் வந்த உத்தரவு இதைவிட யோசிக்க வைப்பது. முதலமைச்சர் போன்ற முக்கியப் பிரமுகர்கள் செல்லும் வழியில் சாலையோரப் பாதுகாப்புக்குப் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று சொல்லப்பட்டது. வெயிலில் மணிக்கணக்காக நின்றவர்களுக்கு அது நிம்மதி. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் கவனியுங்கள்: சாலையில் கழிப்பறை இல்லை என்ற பிரச்சினைக்குக் கிடைத்த தீர்வு, சாலையிலிருந்து பெண்ணை எடுத்துவிடுவது. வசதி இல்லாத இடத்துக்கு வசதியைக் கொண்டுபோகாமல், பெண்ணை அங்கிருந்து விலக்குவது நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கிற வைத்தியம்தானே. 'ராத்திரி பயமா இருக்கா? அப்போ வெளியே போகாதே' என்பதன் அரசாங்க வடிவம் அது. அக்கறையிலிருந்து வந்தாலும் முடிவில் அளவு மாறவில்லை. சாலை இன்னும் ஆணுக்கு ஏற்றபடியே இருக்கிறது. தீபத்தன்று கிரிவலப் பாதையில் நிற்பவளுக்கு அந்த உத்தரவால் பெரிய மாற்றமும் இல்லை.

*

இதுவரை சொன்னதெல்லாம் காவல்துறை பெண்ணை எப்படி நடத்துகிறது என்பது பற்றி. இன்னொரு பாதி இருக்கிறது, அதைத்தான் நாம் தவிர்க்கிறோம். காக்கி போட்ட பெண் மற்ற பெண்களுக்கு யார்?

என் மாணவியின் அம்மா ஒருமுறை கல்லூரிக்கு வந்திருந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். "போலீசு ஜீப்பு வந்தா எங்க தெருவுல கதவ சாத்திக்குவோம் மேடம். இவ இன்னாடான்னா அந்த வேலைக்கே போறேன்றா" என்றார். அதில் கேலி இருந்தது, பயமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் திறக்கப்பட்டது. அதே 1992 ஜூனில்தான் எங்கள் பக்கத்து மாவட்டமான தருமபுரியில், வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்துக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று புகுந்தன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒரே ஆண்டில் நகரத்துப் பெண்ணுக்கு ஒரு காவல் நிலையமும் மலைக்கிராமத்துப் பெண்ணுக்கு ஒரு வாச்சாத்தியும் கிடைத்தன. காவல்துறையில் பெண்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலாவதை எழுதுகிறார்கள். இரண்டாவதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

இதற்கு எதிரான ஒரு காட்சியும் எங்கள் மாவட்டத்திலேயே உண்டு. 2023 ஜனவரி 30 அன்று தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், சுமார் 80 ஆண்டுகளாக நுழையவிடாமல் தடுக்கப்பட்டிருந்த முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் போனார்கள். அவர்களைச் சுற்றிப் பெரும் போலீஸ் பாதுகாப்பு. அன்று காலனிக்கு வந்த ஜீப்புகளைப் பார்த்துக் கதவு சாத்தப்படவில்லை. காவல்துறை சட்டத்தின் பக்கம் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு நாள் சாட்சி. என் மாணவிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

"அதுக்குத்தான் மேடம் போறேன்" என்றாள். "ஸ்டேஷன்ல நம்ம பொண்ணு ஒருத்தி இருந்தா எங்கம்மா உள்ள வந்து உக்காருவாங்க இல்ல?"

அவள் விண்ணப்பம் போட்டு முடித்த சில நாட்களில், 2025 செப்டம்பர் இறுதியில், திருவண்ணாமலை புறவழிச்சாலைப் பகுதியில் ஆந்திராவிலிருந்து வந்த இளம்பெண் ஒருவரை ரோந்துப் பணியிலிருந்த இரண்டு காவலர்கள் பாலியல் வன்கொடுமை செய்ததாக வழக்குப் பதிவானது. இருவரும் கைது செய்யப்பட்டார்கள், பணியிலிருந்தும் நீக்கப்பட்டார்கள். அந்த வாரம் வகுப்பில் யாரும் சரியாகப் பேசவில்லை. அவளைப் பார்த்து, இன்னும் போக வேண்டுமா என்று கேட்க என் நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவளிடம் கேட்க வேண்டியது அல்ல என்பதால்.

பெண்கள் அதிகம் சேர்ந்தால் காவல்துறை மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. சீருடை உள்ளே வருகிறவரைத் தன் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்ளும். உயர் பதவியில் இருந்த ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, 2021இல் தன்னிடம் தவறாக நடந்த சிறப்பு டிஜிபி மீது புகார் கொடுக்கச் சென்னைக்குப் போனபோது, வழியிலேயே காவல்துறையினரால் தடுத்து நிறுத்தப்பட்டார். அந்த அதிகாரிக்கு 2023இல் விழுப்புரம் நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. தோளில் நட்சத்திரம் இருப்பவரின் காரையே மறிக்க முடிகிறது என்றால், ஒரு காவலரின் குரல் எவ்வளவு தூரம் போகும்?

அதற்காக, காக்கியை விரும்பும் மாணவியைப் பார்த்து 'அதிகாரத்தின் கருவியாகாதே' என்று நாற்காலியில் உட்கார்ந்து புத்தி சொல்லும் உரிமையும் நமக்கில்லை. 18,200 ரூபாயில் தொடங்கும் சம்பள விகிதமும் ஓர் அரசுப் பணியும் அவள் வீட்டில் எதையெல்லாம் மாற்றும் என்பதை மாதச் சம்பளம் வாங்கும் நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரவில் தனியாகப் பேருந்து நிலையத்தில் நிற்க, ஆண்களைப் பார்த்து 'தள்ளி நில்' என்று சொல்ல அவள் ஆசைப்படுவதில் என்ன தவறு?

அவள் ஆசையைக் கேலி செய்யாமல், ஆனால் அவள் நுழையப்போகும் இடத்தைப் புனிதமாக்காமல் பேசுகிற ஒரு மொழி நமக்கு வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து ஐ.பி.எஸ். ஆன முதல் பெண்ணான திலகவதி ஓர் எழுத்தாளரும்கூட. கட்டடத் தொழிலாளர்களைப் பற்றிய 'கல்மரம்' நாவலுக்காக 2005இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அதிகாரியால் எழுத முடிந்திருக்கிறது. இரண்டாம் நிலைக் காவலராக, தீபத்தன்று தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி நின்றவரும் எழுத வேண்டும். காக்கியைப் பற்றி மற்றவர்கள் எடுத்த படங்களையும் எழுதிய தீர்ப்புகளையும் நாம் வாசித்துக்கொண்டிருப்பது போதாது.

நவம்பரில் அவள் தேர்வு எழுதினாள். அன்று மாலை தொலைபேசியில், பொது அறிவு கொஞ்சம் கஷ்டம், உளவியல் சுலபம் என்றாள். மறுநாள் காலை வழக்கம்போல மைதானத்துக்கு ஓடப் போனாள் என்று அவள் தோழி சொன்னாள். அவளுக்கு வேலை கிடைக்குமா என்பது மதிப்பெண்ணைப் பொறுத்தது. அவள் அம்மா காவல் நிலையத்துக்குள் வந்து நாற்காலியில் உட்கார முடியுமா என்பது அவள் மதிப்பெண்ணைப் பொறுத்தது அல்ல. அந்தத் தேர்வை எழுத வேண்டியது காவல்துறை.